முகமில்லாத குளத்துக்கு யார் கொடுப்பார்கள்?

திருப்பூருக்கு வடகிழக்கே, நெருப்பெரிச்சல் கிராமத்திலும் சர்க்கார் பெரியபாளையம் கிராமத்திலுமாகப் பரந்து கிடக்கிறது நஞ்சராயன் குளம். சுற்றுவட்டாரமெங்கும் பனியன் கம்பெனிகள், பவர் டேபிள்கள், செக்கிங் கூடங்கள். நடுவே 125 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நீர்ப்பரப்பு, ஏக்கர் கணக்கில் சுமார் 311. நல்லாறு வழியாக வரும் மழைநீர்தான் இதற்கு உயிர். 191 வகைப் பறவைகளும் 87 வகைப் பட்டாம்பூச்சிகளும் இங்கே பதிவாகியிருக்கின்றன. 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

இந்தக் குளத்துக்காக நெருப்பெரிச்சலில் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கரையைப் பலப்படுத்த வேண்டும், ஆகாயத்தாமரையை அள்ள வேண்டும், மாதந்தோறும் பறவைகளைக் கணக்கெடுக்க வேண்டும், தண்ணீரைச் சோதிக்க வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டும். ஓர் இணையதளம் திறக்கிறார்கள். முதல் பக்கத்தில் குளத்தின் அழகான படம், கீழே ‘நன்கொடை தருக’ என்று ஒரு பொத்தான். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து படுத்தபடி கைபேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஒருவருடைய கட்டைவிரல் அந்தப் பொத்தானில் நிற்குமா? நிற்க வைப்பது எது? கடந்த முப்பது ஆண்டுகளில் பொருளியலாளர்களும் உளவியலாளர்களும் இந்தக் கேள்வியைக் கடிதங்களாலும் டாலர் நோட்டுகளாலும் மூளை ஸ்கேன்களாலும் சோதித்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றில் பல நம் ஊகத்துக்கு நேர் எதிரானவை.

முதலில் நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்று. 2021ஆம் ஆண்டு, காவிரிக்கரை விசைத்தறி ஊரான குமாரபாளையத்தில் ஒரு பெண் குழந்தைக்கு முதுகுத்தண்டுவடத் தசைச் சிதைவு நோய். எஸ்எம்என்1 என்ற மரபணு பழுதாகிவிட்டால், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடியும். குழந்தைக்குக் கழுத்து நிற்காது, பிறகு மூச்சே நின்றுபோகும். வேலை செய்யும் மரபணு ஒன்றை, நோய் உண்டாக்காத வைரசின் கூட்டுக்குள் வைத்து ஒரே ஊசியாக உடலில் ஏற்றும் ஸோல்ஜென்ஸ்மா என்ற மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருந்தது. இந்தியாவில் அப்போது அதன் விலை 16 கோடி ரூபாய். பெற்றோர் இணையத்தில் கையேந்தினார்கள். முன்பின் தெரியாதவர்கள் நூறும் ஐந்நூறுமாகப் போட்டு அந்தத் தொகையைச் சேர்த்தே விட்டார்கள். சுமார் 6 கோடி ரூபாய் இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. குழந்தைக்கு ஊசி போடப்பட்டது.

அந்தக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு ரூபாயும் நியாயமானது. ஆனால் அதே மனிதர்கள், அதே கைபேசியில், சுற்றுவட்டார நிலத்தடி நீரைக் காக்கும் ஒரு குளத்துக்கு அப்படிக் கொடுப்பதில்லை. ஏன் என்பதில்தான் இந்த அறிவியலின் முதல் அதிசயம் இருக்கிறது.

டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூவர் 2007இல் வெளியிட்ட சோதனை மிகவும் புகழ்பெற்றது. வேறு ஏதோ ஒரு கருத்துக்கணிப்புக்குக் கூலியாக ஆட்களுக்கு ஐந்து ஒரு டாலர் நோட்டுகளைக் கொடுத்தார்கள். பிறகு, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் ஆப்பிரிக்காவின் பசிக்குத் தரலாம் என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். சிலருக்குப் போன கடிதத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினி கிடக்கும் புள்ளிவிவரம். சிலருக்கு, மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படமும் கதையும். புள்ளிவிவரம் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். ரோக்கியாவைப் பார்த்தவர்கள் 2.38 டாலர். மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, கூடும் என்று எதிர்பார்த்தால், 1.43 டாலருக்கு இறங்கியது. சிறுமியின் முகத்துக்குப் பக்கத்தில் லட்சம் என்ற எண்ணை வைத்ததும் கை சுருங்கிவிட்டது. டெகிலா கோகுட், இலானா ரிடோவ் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2005இலேயே வேறொரு வகையில் இதைப் பார்த்திருந்தார்கள். நோயுற்ற எட்டுக் குழந்தைகளுக்குச் சேர்த்துக் கேட்டால் வருவதைவிட, அதே தொகையை ஒரே குழந்தைக்குப் பெயரும் படமுமாகக் கேட்டால் அதிகம் வந்தது.

பல ஆண்டுகளாகப் பால் ஸ்லோவிக் சொல்லிவருவது இதுதான்: இரக்கத்துக்கு எண்ணத் தெரியாது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதே அது மங்கத் தொடங்கிவிடுகிறது.

இங்கே ஒரு நிதானம் தேவை. இணையதளம் வடிவமைப்பவர்கள் பலர் இந்த ஆய்வோடு நின்றுவிட்டு, பக்கமெங்கும் அழும் குழந்தைகளின் படங்களை நிரப்பிவிடுகிறார்கள். 2016இல் இத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, ‘தனி முக’ விளைவு உண்மை, ஆனால் சராசரியில் மிகச் சிறியது என்று தெரிந்தது. படத்தோடு கூடிய ஒற்றைக் குழந்தை, வறுமை, தன் தவறால் வராத துன்பம் ஆகியவை சேரும்போதுதான் அது வலுக்கிறது. அண்மையில் ரோக்கியா சோதனையைப் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்குப் பழைய முடிவு கிடைக்கவே இல்லை. அறிவியல் இப்படித்தான் தன்னைத் தானே உரசிப் பார்க்கும். ஆகவே முகம் உதவும், ஆனால் அது மந்திரமல்ல. துன்பப்படுபவரின் கண்ணியத்தைக் கெடுத்து எடுத்த படத்துக்கு இந்த ஆய்வுகளை ஒரு சாக்காகக் காட்டவும் முடியாது.

குளத்துக்கு முகமில்லையே, என்ன செய்வது? சிந்தியா கிரைடர் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 2013இல் இதற்கு ஒரு கதவைத் திறந்தார்கள். ‘உலகெங்கும் பல உதவிகள் செய்கிறோம்’ என்ற விளக்கத்தைப் படித்தவர்களைவிட, ‘இந்தக் கிராமத்துக்கு இந்தத் தண்ணீர்’ என்று துல்லியமாகப் படித்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள். தம் காசு எதைத் தொடப்போகிறது என்று மனக்கண்ணில் பார்க்க முடிந்ததே காரணம். ‘ஈரநிலப் பாதுகாப்பு’ என்றால் கண்ணில் ஒன்றும் விழாது. ‘கிழக்குக் கரையில் மண் சரிந்த நூறு அடி’ என்றால் விழும். ‘நல்லாற்று வாய்க்காலில் அடைத்துக் கிடக்கும் நெகிழியை அள்ள ஒரு நாள் பொக்லைன் வாடகை’ என்றாலும் விழும். பெரிய குளத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விலை எழுதிக் காட்டுவதுதான் அந்தப் பக்கத்தின் முதல் வேலை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளிநாட்டு பையர் ஒருவருக்கு ஆர்கானிக் பருத்திச் சட்டை அனுப்பினால், அந்தப் பஞ்சு எந்த ஜின்னிங்கில் இறங்கியது, எந்த மில்லில் நூலானது, எந்தச் சாயப்பட்டறையில் நனைந்தது என்று லாட் லாட்டாகச் சான்று காட்டுகிற ஊர் இது. ஒரு டி-ஷர்ட்டுக்குச் செய்வதை ஒரு நூறு ரூபாய் நன்கொடைக்கும் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, முதல் ரூபாய் யாருடையது என்பது. நன்கொடைப் பக்கங்களில் இப்போது எல்லோரும் ஒரு பட்டையை வைக்கிறார்கள்: இலக்கு இவ்வளவு, வந்தது இவ்வளவு. அந்தப் பட்டை சுத்தமாகக் காலியாக இருக்கும்போது திறந்து வைப்பது பெரிய பிழை என்று ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரைலி இருவரும் 2002இல் காட்டினார்கள். மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு மையத்துக்குக் கணினிகள் வாங்க 3,000 வீடுகளுக்குக் கடிதம் போனது. சில கடிதங்களில் ‘தேவையில் 10 விழுக்காடு ஏற்கெனவே கையில் இருக்கிறது’ என்று இருந்தது. சிலவற்றில் 33 விழுக்காடு, சிலவற்றில் 67. விதைப்பணம் 10இலிருந்து 67க்கு உயர்ந்தபோது பொதுமக்களிடமிருந்து வந்த தொகை ஏறத்தாழ ஆறு மடங்கானது. ‘அவர்களிடம்தான் இருக்கிறதே, நான் எதற்கு?’ என்று யாரும் விலகவில்லை. யாரோ விவரம் தெரிந்தவர் பெரிய தொகையை நம்பிப் போட்டிருக்கிறார், இது நடக்கப்போகிற காரியம் என்ற செய்தியே மற்றவர்களை இழுத்தது.

தமிழர்கள் இதை உலக அளவில் ஒருமுறை செய்து காட்டியிருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்கத் தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். அமெரிக்காவில் வாழும் மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் 2015இல் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் வைத்தார்கள். மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு கைக்கு வந்த பிறகே ஊரைக் கூட்டினார்கள். இணையதளம் வழியாகப் பல நாடுகளிலிருந்து மாணவர்களும் தொழிலாளர்களும் முதியவர்களும் தங்களால் ஆனதை அனுப்பினார்கள். 2017இல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. அது ஏறத்தாழ 15 லட்சம் டாலர். 2018 மார்ச்சில் இலக்கு நிறைவேறியது. அதன் பின்னால் வந்த டொராண்டோ தமிழ் இருக்கையும் 30 லட்சம் கனடிய டாலர் இலக்கை 2021இல் எட்டியது. கடைசிக் கட்டத்தில் வேகம் கூடுவதற்கும் ஓர் ஆய்வு விளக்கம் உண்டு. சிறு கடன்களைத் திரட்டித் தரும் கிவா தளத்தின் தரவுகளைப் பார்த்தால், இலக்கை நெருங்க நெருங்க மக்கள் தரும் வேகமும் கூடுகிறது. முடித்து வைத்தவர் என்ற நிறைவில் எல்லோருக்கும் ஓர் ஆசை.

நெருப்பெரிச்சல் அறக்கட்டளை ஒரே பெரிய பட்டை வைத்தால் அது ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடக்கும். நூறு அடிக் கரைக்கு ஒரு பட்டை என்று வைத்தால் மாதாமாதம் ஒன்று நிறையும். ஒவ்வொன்றையும் முதலில் திறந்து வைக்க உள்ளூர் ஏற்றுமதியாளர் ஒருவர் வேண்டும்.

அந்த ஏற்றுமதியாளரிடம் எதைக் கேட்பது? 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபமோ, 1,000 கோடி விற்றுமுதலோ, 500 கோடி நிகர மதிப்போ உள்ள கம்பெனி தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். திருப்பூரில் இந்தக் கணக்குக்குள் வரும் கம்பெனிகள் உண்டு. வராமலே கொடுப்பவர்கள் இன்னும் அதிகம். வெற்றி அமைப்பின் ‘வனத்துக்குள் திருப்பூர்’ 2015இலிருந்து இந்த வறண்ட மாவட்டத்தில் லட்சக்கணக்கான மரங்களை வளர்த்துவருவது அவர்கள் தயவால்தான். ‘நீங்கள் ஒரு ரூபாய் போட்டால் நாங்கள் ஒரு ரூபாய் போடுகிறோம்’ என்று ஏற்றுமதியாளரைச் சொல்ல வைப்பது வழக்கமான முறை. 2007இல் டீன் கார்லன், ஜான் லிஸ்ட் இருவரும் 50,000க்கு மேற்பட்ட பழைய நன்கொடையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி இதைச் சோதித்தார்கள். இணைத் தொகை அறிவித்ததால் ஒரு கடிதத்துக்கு வந்த வருவாய் 19 விழுக்காடு கூடியது. ஒன்றுக்கு ஒன்று என்றாலும், ஒன்றுக்கு மூன்று என்றாலும் பலன் ஒன்றே. ஆக, ஒன்றுக்கு ஒன்று போதும். மீதியை வேறெதற்காவது கேட்டுக்கொள்ளலாம்.

எதற்கு என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வருகிறது. தொண்டு அமைப்பு என்றதும் நம்மிடையே பலர் கேட்கும் முதல் கேள்வி: ‘இதில் எவ்வளவு அவங்க சம்பளத்துக்குப் போகுது?’ கணக்காளருக்குச் சம்பளம் இல்லாமல் கணக்கு எழுத முடியாது, தண்ணீர்ச் சோதனைக்கு ஆள் இல்லாமல் சோதனை இல்லை. ஆனாலும் அலுவலகச் செலவு என்ற சொல்லைக் கேட்டதும் மனம் முறுக்கிக்கொள்கிறது. யூரி நீசியும் அவரோடு இருவரும் 2014இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட சோதனையில் 40,000 பேரை நான்காகப் பிரித்தார்கள். வெறுமனே கேட்கப்பட்ட 10,000 பேர் கொடுத்தது 8,040 டாலர். ஒரு பெரிய கொடையாளர் விதைப்பணம் வைத்திருக்கிறார் என்று கேட்டவர்கள் 13,220. அவர் இணைத் தொகை தருகிறார் என்று கேட்டவர்கள் 12,210. ‘நிர்வாகச் செலவு முழுவதையும் அவர் ஏற்றுக்கொண்டார், நீங்கள் தருவது அப்படியே வேலைக்குப் போகும்’ என்று கேட்டவர்கள் 23,120. மூன்றிலும் பெரிய கொடையாளர் வைத்தது ஒரே தொகை, செலவான விதமும் கடைசியில் ஒன்றேதான். மாறியது எந்தப் பணம் எந்தச் செலவுக்கு என்று எழுதிக் காட்டிய ஒரு வரி. நியூயார்க்கில் 2006இல் தொடங்கிய ‘சாரிட்டி: வாட்டர்’ அமைப்பு இப்படித்தான் இயங்குகிறது. ஊர்ப்பணம் கிணறுகளுக்கு, அலுவலகச் செலவுக்குத் தனியாக ஒரு கொடையாளர் குழு. நெருப்பெரிச்சலிலும் ஏற்றுமதியாளரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்: கணக்காளர் சம்பளத்தையும் தணிக்கைக் கட்டணத்தையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சரி, கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே வந்துவிட்டது. இனி பக்கமே எதிரியாகாமல் இருக்க வேண்டும். கைபேசியில் ஒரு பக்கம் திறக்க மூன்று நொடிக்கு மேலானால் பார்க்க வந்தவர்களில் 53 விழுக்காட்டினர் போய்விடுகிறார்கள் என்று கூகுள் 2016இல் கணக்கிட்டது. குளத்தின் அந்த அழகான படம் எட்டு மெகாபைட் என்றால், அதுவே பாதிப் பேரைத் துரத்திவிடும்.

தொகைக் கட்டத்தில் முன்கூட்டியே ஒரு எண்ணைப் போட்டு வைப்பதா? பெட்டர்பிளேஸ் என்ற ஜெர்மன் நன்கொடைத் தளத்தில் சுமார் 6.8 லட்சம் வருகைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பெரிய எண்ணைப் போட்டு வைத்தால், பலர் அதையே கொடுத்தார்கள். ஆனால் ஒட்டுமொத்த வசூல் கூடவில்லை. ஒருபக்கம் ஏறியது இன்னொரு பக்கம் இறங்கிவிட்டது. அடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்பதன் இழுவை இதைவிட வலுவானது. ஜென் ஷாங், ரேச்சல் குரோசன் இருவரும் ஓர் அமெரிக்க வானொலியின் நன்கொடைத் தொலைபேசியில், ‘இன்னொரு நேயர் 300 டாலர் கொடுத்தார்’ என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னார்கள். சராசரி 12 விழுக்காடு உயர்ந்தது. மொய் நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மேலே எழுதியிருப்பதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தன் தொகையைச் சொன்ன எவருக்கும் இது புதிதல்ல. ஆனால் இதில் பொய் கலக்கக் கூடாது. பக்கத்தில் காட்டும் பெயரும் தொகையும் உண்மையாகவே வந்தவையாக, தந்தவரின் சம்மதத்தோடு போட்டவையாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நாமே சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். விக்கிப்பீடியா அப்படித்தான் செய்கிறது. ஒரே நேரத்தில் பாதிப் பேருக்கு ஒரு வாசகம், மீதிப் பேருக்கு வேறொன்று. எது அதிகம் திரட்டுகிறதோ அது நிற்கும். 2010இல் பல வாசகங்களைப் போட்டியிட வைத்ததில், நிறுவனர் ஜிம்மி வேல்ஸ் தம் படத்தோடு எழுதிய நேரடி வேண்டுகோள் எல்லாவற்றையும் மிஞ்சியது. அந்த ஆண்டு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 1.6 கோடி டாலர் கொடுத்தார்கள். ஆனால் சிறு அமைப்புகளுக்கு இந்த வழி அடைபட்டது, அதன் காரணம் வெறும் கணக்கு. வருகிறவர்களில் 100க்கு 2 பேர் கொடுக்கிறார்கள், புதிய வாசகத்தால் அது 2.5 ஆகிறது என்பதை நம்பத்தகுந்த முறையில் கண்டுபிடிக்க ஒவ்வொரு வாசகத்தையும் சுமார் 14,000 பேர் பார்த்திருக்க வேண்டும். மாதம் 300 பேர் வரும் தளத்துக்கு இது ஏறக்குறைய எட்டு ஆண்டு வேலை. அதற்குக் குறைவான ஆட்களை வைத்துக்கொண்டு ‘பச்சைப் பொத்தானைவிட நீலப் பொத்தான் நல்லது’ என்று சொல்கிற ஆலோசகரை நம்ப வேண்டியதில்லை. சிறியவர்கள் பெரிய ஆய்வுகளின் முடிவை இரவல் வாங்கிக்கொள்வதே அறிவு. எஞ்சும் நேரத்தில் கொடுத்தவர்களுக்குத் தொலைபேசி செய்யலாம். எப்போது கேட்பது என்பதற்கும் ஆய்வுக் கட்டுரை வேண்டாம். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை.

கொடுக்கும் கணத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2007இல் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் 19 பெண்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கொடுத்து, ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தார்கள். அந்தப் பணத்திலிருந்து ஓர் உணவு வங்கிக்குச் சில சமயம் வரியைப்போலக் கட்டாயமாகப் பிடித்தார்கள், சில சமயம் விருப்பத்துக்கு விட்டார்கள். பசிக்கு உணவு கிடைக்கும்போதும் சம்பளம் கிடைக்கும்போதும் விழித்துக்கொள்ளும் மூளையின் அடிப்பகுதி, பணம் தம் கையைவிட்டு உணவு வங்கிக்குப் போனபோதும் விழித்துக்கொண்டது. கட்டாயமாகப் பிடித்தபோதுகூட! விருப்பமாகக் கொடுத்தபோது அது இன்னும் பிரகாசமானது. பிறருக்காக இழப்பது நமக்கு இன்பம் தருகிறது. மனித உடலைப் பற்றி அறிவியல் சொன்ன நல்ல செய்திகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

ஆனால் அந்த இன்பம் சீக்கிரம் அணைந்துவிடும். நன்றி என்று ஒரு தானியங்கிக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடி கைநீட்டும் அமைப்புகளைவிட நம் முன்னோர்கள் இதில் தேர்ந்தவர்கள். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். அந்த ஆடுகளிலிருந்து நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வர வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் அரசன் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாம் சுவரில் இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. எந்த இடையரிடம் எத்தனை ஆடுகள் ஒப்படைக்கப்பட்டன, அவர் எவ்வளவு நெய் அளக்க வேண்டும், எந்த அளவையால் அளக்க வேண்டும் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவைக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயரே இட்டிருந்தார்கள். கொடுத்தவர் பெயர், கொடை, பயன், பொறுப்பாளர், அளவுகோல் ஐந்தும் யாரும் வந்து படிக்கும்படி கல்லில் நிற்கின்றன. இன்றைய நன்கொடைப் பக்கங்களில் பெரும்பாலானவற்றில் முதல் இரண்டுதான் உண்டு.

நஞ்சராயன் குளத்தின் பெயரும் அப்படி வந்ததே. பல நூற்றாண்டுகளுக்கு முன் இதைப் பழுதுபார்த்த அரசர் நஞ்சராயன். இன்று அந்தக் குளத்துக்குச் செய்ததைக் காட்டும் பக்கம் என்றால் இப்படி இருக்கலாம்: கரையின் அதே இடத்தை, அதே கோணத்தில், ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் எடுத்த படம். அந்த மாதம் எண்ணிய பறவைகள், எண்ணியவர்கள் யார். தண்ணீரில் கரைந்திருந்த உயிர்வளி எவ்வளவு, அளந்த கூடம் எது. பொக்லைன் ரசீதின் நகல். எண்ணிக்கை குறைந்த மாதத்திலும் அதை மறைக்காமல் போட வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் கண்ட ஊருக்கு, நல்ல எண்களை மட்டும் காட்டும் அறிக்கை ஒருபோதும் நம்பிக்கை தராது.

சட்டத்தின் பக்கமும் இணையதளத்தில் தெளிவாக இருக்க வேண்டும், இதில் பலர் சறுக்குகிறார்கள். குளக்கரையில் ஒட்டிய யுபிஐ கட்டத்தை ஸ்கேன் செய்து ஒருவர் 500 ரூபாய் அனுப்பினால் அனுப்புவதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் அவர் பான் எண் அறக்கட்டளைக்குத் தெரியாது. பான் போன்ற ஓர் அடையாள எண் இல்லாமல் வரிச்சலுகைச் சான்றிதழ் தர முடியாது, ஏனென்றால் யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்கு அறிக்கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகையே கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு, 80ஜி என்று நாம் அறிந்த அந்தக் கழிவு எப்படியும் இல்லை. 2023-24 முதல் புதிய முறையே இயல்பாக வைக்கப்பட்டிருப்பதால், ‘வரி விலக்கு உண்டு’ என்று பக்கத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் போடுவதன் பயன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறது. அந்த இடத்தைக் கரையின் படத்துக்குக் கொடுப்பது மேல்.

வெளிநாட்டுப் பணம்தான் உண்மையான சிக்கல். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு பெற, ஓர் அறக்கட்டளை மூன்று ஆண்டுகள் இயங்கி, அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் பொதுப்பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பணம் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் மட்டுமே வந்திறங்க முடியும். நெருப்பெரிச்சலின் புதிய அறக்கட்டளைக்கு இது எட்டாது. ஆனால் சட்டம் பார்ப்பது கொடுப்பவர் இருக்கும் நாட்டை அல்ல, அவருடைய குடியுரிமையை. துபாயில் வேலை பார்க்கும் தம்பி இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் அனுப்பும் 500 ரூபாய் உள்நாட்டு நன்கொடையே. கனடாக் குடிமகனாகிவிட்ட அண்ணன் அதே 500 ரூபாயை அனுப்பினால், பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்குவது குற்றம். அண்ணன் பணத்தைத் தம்பி பெயரில் அனுப்பினாலும் குற்றமே. எனவே தொகைக் கட்டத்துக்கும் மேலே, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்ற கேள்வி இருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு இல்லை என்று சொல்பவரிடம் பணத்துக்குப் பதிலாக வேறொன்றைக் கேட்கலாம். மூன்று நொடிக்குள் திறக்கும் பக்கத்தை எழுதத் தெரிந்த நெருப்பெரிச்சல்காரர்கள் டொராண்டோவிலும் சியாட்டிலிலும் இருப்பார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ள எந்தப் பதிவும் தேவையில்லை.